மூட்டு வலியும் மஞ்சள் பையும்: மாத்திரை, சத்து மருந்து பற்றி ஒரு முழு வழிகாட்டி

அம்மாவின் மாத்திரைகள் எல்லாம் ஜவுளிக் கடையில் கொடுத்த ஒரு மஞ்சள் பையில் இருந்தன. பத்து வருடமாக முட்டி வலி. ஒரு மாதம் கணுக்கால் இரண்டும் வீங்கியபடியே இருந்ததால் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 1.9 என்று வந்தது. டாக்டர் முதலில் கேட்டது, "வலி மாத்திரை எவ்வளவு சாப்பிடுறீங்கம்மா?" என்றுதான். "எப்பவாச்சும் ஒண்ணு சார்" என்றார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பையைப் பாயில் கொட்டினோம். எலும்பு டாக்டர் எழுதிய அட்டை ஒன்று. இடுப்பு பிடித்தபோது தெருமுனை மெடிக்கலில் வாங்கியது இன்னொன்று. "எனக்கு நல்லா கேட்டுச்சு அத்தை" என்று உறவுக்காரப் பெண் கொடுத்த பாதி அட்டை. காய்ச்சல் மாத்திரை, பிரஷர் மாத்திரை, இதயத்துக்கான ஆஸ்பிரின், இரண்டு பெயரில் கால்சியம், குளுக்கோசமைன் டப்பா, ஒரு பெயரும் ஒட்டாத சூரணப் பொட்டலம். நிறமும் பெயரும் வேறு வேறாக இருந்த முதல் மூன்று அட்டைகளும் ஒரே குடும்பத்து மருந்துகள். எப்பவாச்சும் ஒன்று என்பது மூன்று இடத்திலிருந்து வந்தால் தினம் இரண்டு மூன்று ஆகிவிடுகிறது.

அதற்குப் பிறகு நான் படித்ததும், டாக்டர்களிடம் கேட்டதும், வீட்டில் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவர் இல்லை. இதில் வரும் அளவுகள் உங்கள் சீட்டைப் புரிந்துகொள்வதற்கு மட்டுமே, அதை மாற்றுவதற்கு அல்ல. பெரும்பாலும் வயதானவர்களின் முழங்கால் தேய்மானத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். நம் வீடுகளில் அதிகம் இருப்பது அதுதான்.

முதல் படி: பையைக் கொட்டுங்கள்

எல்லாவற்றையும் பாயில் பரப்புங்கள். முன்னால் உள்ள பெரிய பெயரை விட்டுவிடுங்கள், அது கம்பெனி வைத்த பெயர். அட்டையைத் திருப்பினால் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் இருக்கும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப், பைராக்சிகாம், கீட்டோரோலாக், நிமுசுலைடு, மெஃபினமிக் அமிலம். இவை எல்லாம் ஒரே கூட்டம். ஒரே நாளில் இந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் வயிற்றுக்குள் போகக் கூடாது. இரண்டு சாப்பிட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சேதமும்தான் கூடும்.

இந்தக் கூட்டம் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதற்கு ஒரு கதை உண்டு, நம் மோயாற்றுப் பள்ளத்தாக்கு வரை நீளும் கதை. டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. இந்தியாவில் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால் 2015இல் அதையும் 3 மில்லி குப்பியாகச் சுருக்கினார்கள். 2023இல் அசிக்ளோஃபினாக்கும் தடைக்குள் வந்தது. காரணம், மாட்டின் உடம்புக்குள் அது டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. கழுகு அளவுக்கு நமக்கு ஆபத்து இல்லை. ஆனால் "இது வேற, அது வேற" என்று மெடிக்கலில் சொன்னால் எனக்குக் கழுகு ஞாபகம் வந்துவிடும்.

அடுத்து பாரசிட்டமால். இது அந்தக் கூட்டத்தில் சேராது, ஆனால் ஒளிந்திருக்கும். அசிக்ளோஃபினாக்குடன் 325 மி.கி. பாரசிட்டமால் சேர்ந்த மாத்திரை நம் ஊரில் சர்வசாதாரணம். அதோடு ஒரு 650, சளிக்கு ஒரு கூட்டு மாத்திரை என்று சேர்ந்தால் கணக்கு ஏறும். ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது திடகாத்திரமான பெரியவர்களுக்கான உச்ச வரம்பு. வயதானவர், மெலிந்தவர், கல்லீரல் பிரச்சினை உள்ளவர், தினம் குடிப்பவர் என்றால் டாக்டர்கள் அதைவிடக் குறைவாகத்தான் சொல்வார்கள்.

பரப்பியதை ஒரு தாளில் எழுதுங்கள். உள்ளே உள்ள மருந்து, எத்தனை மி.கி., யார் எழுதியது, எப்போது ஆரம்பித்தது, எதற்காக. கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத மாத்திரைகளைத் தனியாக ஒதுக்குங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், அடுத்த முறை டாக்டர் முன்னால் வைத்துக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒதுங்கியவை ஐந்து.

இரண்டாம் படி: எந்த வலி என்று தெரியுமா?

"எலும்புத் தேய்மானம்" என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறோம். மூட்டின் உள்ளே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. முட்டி வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். எலும்பே கால்சியம் குறைந்து சல்லடை மாதிரி ஆவது இன்னொன்று. அது பொதுவாக வலிக்காது, விழுந்தால் உடையும். கால்சியம் மாத்திரை இரண்டாவதற்கு உரியது. முதலாவதற்கு அது எதுவும் செய்யாது. இந்த ஒரு சொல் குழப்பத்தால் எத்தனை கால்சியம் டப்பா விற்கிறதோ!

தேய்மான வலி நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் எழுந்ததும் உள்ள இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். அதற்கு மாறாக, இரண்டு கை விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடக்க முடியவில்லை என்றால் முடக்கு வாதமாக இருக்கலாம். அதை வலி மாத்திரை போட்டு ஓட்டவே கூடாது, மூட்டு உருக்குலைந்து போகும். மூட்டு வாதத்துக்கான சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதினால் ஒன்றை மறக்காதீர்கள்: அது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தவறித் தினம் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

நடுராத்திரியில் கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் யூரிக் அமில வாதம். அதற்கு மருந்தும் வேறு, வழியும் வேறு. ஆனால் வலியே இல்லாமல், பரிசோதனைத் தாளில் யூரிக் அமிலம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் மாத்திரை தேவைப்படுவது குறைவு. சிக்குன்குன்யாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டு பிடித்துக்கொள்வதும் நமக்குப் பழக்கம்தான். காய்ச்சல் இருக்கும்போது மட்டும் டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாரசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும்.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, தொட்டால் கொதித்து, காய்ச்சலும் குளிரும் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீழ் பிடித்த மூட்டு ஓரிரு நாளிலேயே பாழாகிவிடும்.

மூன்றாம் படி: முதலில் மேல்பூச்சு

முழங்கால் தேய்மானத்துக்கு டைக்ளோஃபினாக் ஜெல் போன்ற மேல்பூச்சை முதலில் முயலச் சொல்வதில் அமெரிக்க, பிரிட்டன் வழிகாட்டுதல்கள் இரண்டுமே உறுதியாக இருக்கின்றன. வாய்வழி மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கலப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முட்டி தோலுக்கு அருகில் இருப்பதால் மருந்து போய்ச் சேரும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே பலிக்காது.

"ஜெல்லெல்லாம் தடவிப் பார்த்தாச்சு, கேக்கல" என்பார்கள். எவ்வளவு தடவினீர்கள் என்று கேளுங்கள். பட்டாணி அளவு எடுத்து, ராத்திரி மட்டும், வலி அதிகமான நாளில் மட்டும். ஒரு ட்யூப் மூன்று மாதம் வந்திருக்கும். முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 2 முதல் 4 கிராம், நாளுக்கு மூன்று நான்கு முறை என்பதுதான் அளவு. அதாவது 30 கிராம் ட்யூப் ஒரு முட்டிக்கு ஐந்து நாளுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் நீங்கள் குறைவாகப் போடுகிறீர்கள். இதைச் சொன்னபோது அம்மா ட்யூப் விலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பெரிய ட்யூபாக, அதே மருந்து உள்ள மலிவான பெயரில் வாங்கினேன். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

முட்டியின் முன்பக்கம் மட்டுமல்ல, இரு பக்கமும் பின்பக்கமும் தடவி, காய விட வேண்டும். அதன் மேல் சுடுதண்ணீர் ஒத்தடமோ இறுக்கமான கட்டோ கூடாது. புண் மேல் கூடாது. கையைக் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும். இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்ட பிறகு முடிவு சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதற்கும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பிண்ட தைலம், மற்ற வலித் தைலங்கள்? சூடும் உருவுகிற கையும் இதமாக இருக்கும். அந்த இதமும் வேண்டியதுதானே. ஆனால் ஜெல்லும் தைலமும் ஒன்றன் மேல் ஒன்றாக வேண்டாம். ஒன்று காலையில், ஒன்று ராத்திரி.

நான்காம் படி: வலி மாத்திரை

சிலர் பயந்து ஒன்றுமே போடாமல் நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார்கள். நடை நின்றால் தொடைச் சதை கரையும், சதை கரைந்தால் முட்டி இன்னும் வலிக்கும். இன்னும் சிலர் முறுக்கு கடிப்பது போல் மாத்திரையைக் கடிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் வழி இருக்கிறது. தேவையான மிகக் குறைந்த அளவு, தேவையான மிகக் குறைந்த நாள்.

பாரசிட்டமாலால் முட்டித் தேய்மான வலிக்குக் கிடைக்கும் பலன் சிறியது. சிலருக்குக் கேட்கிறது, பலருக்கு இல்லை. ஆனால் சிறுநீரகமும் இதயமும் சரியில்லாதவர்களுக்கு வேறு போக்கில்லாததால் டாக்டர்கள் இதைத்தான் எழுதுவார்கள்.

அந்தப் பெரிய கூட்டத்து மாத்திரைகள் நன்றாகவே கேட்கும். ஆனால் அதற்கான விலையை உடம்பில் மூன்று இடத்தில் வாங்குகின்றன.

முதலாவது வயிறு. சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வயிறு நிறைந்திருந்தால் புண் வராது என்பது தப்பு. மருந்து ரத்தத்தில் கலந்த பிறகும் வயிற்றின் உள்தோலைப் பாதுகாக்கும் சுரப்பைக் குறைக்கிறது. அதனால் 65 வயதைத் தாண்டியவர், முன்பு புண் வந்தவர், ஆஸ்பிரின் 75 சாப்பிடுபவர் எல்லோருக்கும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற ஒன்று துணைக்கு வேண்டும். அது காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்னால். கண்ட "கேஸ் மாத்திரை"யும் திரவமும் இந்த வேலையைச் செய்யாது. மலம் தார் போலக் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும்.

இரண்டாவது சிறுநீரகம். எங்கள் வீட்டில் அடி விழுந்தது இங்கேதான். அம்மாவின் பிரஷர் மாத்திரையில் டெல்மிசார்டனும், நீர் பிரிய வைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்திருந்தன. நம் ஊரில் ஆயிரக்கணக்கானோர் சாப்பிடும் கூட்டு அது. தனியாக நல்ல மருந்துதான். அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த அழுத்தத்தை மூன்று பேரும் மூன்று பக்கமிருந்து குறைக்கிறார்கள். கூடவே வயிற்றுப்போக்கோ கோடை வெயிலில் தண்ணீர் குடிக்காததோ சேர்ந்தால் கிரியாட்டினின் சடசடவென்று ஏறும். பிரஷர், சுகர் உள்ள ஒருவர் வலி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருந்தால் தொடங்கும் முன்பும், ஒன்றிரண்டு வாரத்திலும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். வாந்தி, பேதி வரும் நாளில் வலி மாத்திரை கிடையாது. பிரஷர் மாத்திரையை அன்று என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இதயம். வயிற்றுக்கு நல்லது என்று கொண்டாடப்பட்ட ரோஃபிகாக்சிப், மாரடைப்பைக் கூட்டுவது தெரிந்து 2004 செப்டம்பரில் உலகம் முழுக்கச் சந்தையிலிருந்து விலகியது. அதன் தம்பி எட்டோரிகாக்சிப் நம் மெடிக்கல்களில் தாராளமாகக் கிடைக்கிறது. தேய்மானத்துக்கு 30 அல்லது 60 மி.கி. போதும், 120 என்பது யூரிக் அமில வாதத்தின் உச்ச வலிக்குச் சில நாள் மட்டும். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள் இதைத் தொடவே கூடாது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் இந்தக் கூட்டம் முழுவதையும் இதய டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வீசிங் உள்ள சிலருக்கு இந்த மாத்திரைகளால் மூச்சுத் திணறல் வரும், அதையும் சொல்லிவிடுங்கள்.

வீக்கத்துக்கு என்று செராஷியோபெப்டிடேஸ் சேர்த்த மாத்திரைகள் இன்னும் நிறைய எழுதப்படுகின்றன. ஜப்பானில் அதை விற்ற கம்பெனியே 2011இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பச் சோதித்தபோது மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. சீட்டில் அது இருந்தால் "இது இல்லாத மாத்திரை எழுதலாமா சார்?" என்று கேட்பதில் தப்பில்லை.

வலுவான வலி மருந்தான டிராமடால் சேர்ந்தவை தலைசுற்றலும் மலச்சிக்கலும் தரும். ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு உடைந்தால் முட்டி வலியே தேவலாம் என்று ஆகிவிடும். டயாசெரின் என்ற ஒன்றை குளுக்கோசமைனோடு சேர்த்து விற்கிறார்கள். பேதி அதிகம் வருவதால் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2014இலேயே சொல்லிவிட்டது. அம்மாவுக்கு இரண்டு மாதமாக வயிறு போய்க்கொண்டிருந்த காரணம் அன்றைக்குத்தான் பிடிபட்டது. டுலோக்செட்டின் என்பது மனச்சோர்வுக்கான மாத்திரை, நாள்பட்ட முட்டி வலிக்கும் கொடுப்பார்கள். "எனக்குப் பைத்தியமா?" என்று கோபித்துக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: சத்து மாத்திரை, கிழங்கு, மஞ்சள்

குருத்தெலும்புக்குச் சத்து என்று விற்கும் குளுக்கோசமைனில் தொடங்குவோம், பையில் விலை கூடியது அதுதான். அமெரிக்க அரசின் பணத்தில் 1583 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியான பெரிய சோதனை ஒன்று உண்டு. தினம் 1500 மி.கி. குளுக்கோசமைன், அதன் ஜோடியாக விற்கும் காண்ட்ராய்ட்டின் 1200 மி.கி., இரண்டும் சேர்த்து, வலி மாத்திரையான செலிகாக்சிப், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று ஐந்து பிரிவு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி கணிசமாகக் குறைந்திருந்தது. குளுக்கோசமைனுக்கு 64. அந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது. செலிகாக்சிப்புக்கு 70. வலி கடுமையாக இருந்த ஒரு சிறு பிரிவில் மட்டும் இரண்டும் சேர்ந்த மாத்திரை கைகொடுத்தது போலத் தெரிந்தது. அமெரிக்க வாத நோய் மருத்துவர் சங்கம் 2019 வழிகாட்டுதலில் முழங்காலுக்கு இரண்டுமே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது.

அப்புறம் ஏன் "எனக்குக் கேட்டுச்சு" என்று இத்தனை பேர் சொல்கிறார்கள்? அந்த 60 சதவீதம்தான் பதில். முட்டி வலி தானாக ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்து வாங்குகிறோம், அது எப்படியும் இறங்கத்தான் போகிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்த்து, பலன் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. சைவம் சாப்பிடுகிறவர்களும் இறால் ஒத்துக்கொள்ளாதவர்களும் டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இதனால் ரத்தம் மேலும் இளகிவிடலாம்.

கொலாஜன் பொடியும் இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. மீன், மாடு, கோழி ஏதோ ஒன்றிலிருந்து வருவது. விலைக்கு ஏற்ற சான்று அதற்கு இல்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்துக்கு முட்டையோ பருப்போ சாப்பிட்டால் தொடைச் சதையாவது வளரும்.

வைட்டமின் டி வேறு விஷயம். வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தாலும் நம்மில் பெரும்பாலோருக்கு அது குறைவு. நன்றாகக் குறைந்தால் உடம்பெல்லாம் எலும்பு நோவும், தொடை பலமிழக்கும், எழுந்திருக்க முடியாது. அதை மூட்டு வலி என்று நினைத்துக்கொள்வோம். குறைவு இருந்தால் ஈடுகட்ட வேண்டும். குறைவு இல்லாதவர் சாப்பிட்டால் தேய்மானம் நிற்காது. 60,000 யூனிட் மாத்திரையோ பொடியோ வாரத்துக்கு ஒன்று, பொதுவாக எட்டு வாரம். அதைத் தினம் ஒன்று என்று சாப்பிட்டுவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், கடைசியில் சிறுநீரகம் வரை போகும். எட்டு வாரம் முடிந்ததும் டாக்டரைக் கேளுங்கள், அட்டை அட்டையாகத் தொடர வேண்டாம்.

கால்சியம் உங்களுக்கு வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 500 மி.கி.க்கு மேல் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை வீண். 100 கிராம் கேழ்வரகில் 340 மி.கி.யைத் தாண்டி கால்சியம் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளுக்கு வருவோம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டித் தூளில் 100 மி.கி. தேறினால் அதிகம். மூட்டு வலிச் சோதனைகளில் கொடுத்தது பிரித்தெடுத்த குர்குமின், 500, 1000 மி.கி. கணக்கில். சிறிய சோதனைகளில் வலி ஓரளவு குறைந்தது உண்மை. மிளகில் உள்ள பிப்பரின் சேர்த்தால் உடம்பு குர்குமினைப் பல மடங்கு அதிகமாக எடுத்துக்கொள்ளும் என்று 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வு காட்டியது. பாலில் மஞ்சளும் மிளகும் போட்ட பாட்டியை நினைத்து நாம் பெருமைப்படலாம். ஆனால் அதே காரணத்தால்தான் மாத்திரை வடிவில் கவனம் வேண்டும். மிளகுச் சத்து சேர்ந்த குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதித்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும், பித்தப்பைக் கல் உள்ளவர்களும் கேட்காமல் சாப்பிட வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் எதுவும் தேவையில்லை.

கொல்லிமலைக்குப் போனால் முடவாட்டுக்கால் கிழங்கு இல்லாமல் யாரும் திரும்புவதில்லை. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது. ஆட்டுக்கால் போலவே ரோமமும் உண்டு. தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுச் சூப் வைத்தால் நிஜமாகவே ஆட்டுக்கால் சூப் வாசனை வரும். முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல் எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. எலிகளிடம் வீக்கம் குறைந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. உணவாக, சுவைக்காகச் சாப்பிடுங்கள். அதை நம்பி முடக்கு வாத மருந்தை நிறுத்தாதீர்கள்.

கடைசியில் அந்தப் பெயரில்லாப் பொட்டலம். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது, பசி பிரமாதமாக எடுக்கிறது, முகம் உப்பிப் பளபளக்கிறது, சுகர் மட்டும் ஏனோ ஏறுகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பல வாரமாகச் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். சித்த மருந்து வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் வாங்குங்கள். பெயர், தயாரித்த தேதி எல்லாம் இருக்கும்.

ஆறாம் படி: ஊசி பற்றி இரண்டு வார்த்தை

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நல்ல இதம் தரும். கல்யாணம், யாத்திரை என்று ஒரு கட்டத்தைத் தாண்ட உதவும். சுகர் சில நாள் எகிறும், தயாராக இருங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த சோதனையில் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது, வலியில் வித்தியாசம் இல்லை. மூட்டுக்கு வழவழப்பு தரும் என்று போடும் "ஜெல் ஊசி", சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பிஆர்பி ஊசி இரண்டும் ஆயிரக்கணக்கில் செலவு வைப்பவை. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான சோதனையில் பிஆர்பிக்கும் உப்புத் தண்ணீர் ஊசிக்கும் வித்தியாசம் இல்லை. கடன் வாங்கிப் போட வேண்டாம்.

ஏழாம் படி: ஒரு நோட்டு

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஜெல், குளுக்கோசமைன், கிழங்கு மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது கேட்டது என்று யாருக்கும் தெரியாது, மூன்றையும் ஆயுசுக்கும் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். நோட்டில் தேதி, புது மருந்து, எப்போது நிறுத்திப் பார்ப்பது என்று எழுதுங்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் அம்மா தினமும் எட்டு என்பார். அதனால் வேலையை அளந்தோம். மொட்டை மாடிப் படி பதினான்கில் எத்தனை நிற்காமல் ஏறினார், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தாரா, ராத்திரி வலியால் எத்தனை முறை விழித்தார். நான்கு வாரத்தில் படிக்கணக்கு மாறாவிட்டால் அந்த மருந்து அவருக்கு இல்லை.

அந்த நோட்டில் எங்களுக்கு மிக நன்றாக வேலை செய்ததாகத் தெரிந்தது மருந்தே இல்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சி. காலை நீட்டி, முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தியபடி ஐந்து வரை எண்ணி விட வேண்டும். ஒரு காலுக்குப் பத்து, காலையும் மாலையும். ஆறு வாரத்தில் படிக்கணக்கு ஐந்திலிருந்து பதினொன்று ஆனது. நடக்க முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். எடை கூடியவர்கள் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் சுமை நான்கு கிலோ குறையும். குத்தவைத்து உட்கார்வதும் தரையில் சம்மணம் போடுவதும் வலி உள்ள காலத்தில் வேண்டாம்.

அம்மாவுக்கு மூன்று மாதத்தில் கிரியாட்டினின் 1.2க்கு இறங்கியது. பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றினார். இப்போது ஜெல், எப்போதாவது பாரசிட்டமால், பயிற்சி, அவ்வளவுதான். தடி ஊன்றச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, "கிழவி மாதிரி இருக்கும்" என்கிறார். வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் தடி பிடிக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதை எங்கிருந்தோ ஞாபகம் வைத்திருக்கிறார் போல. மழையும் இல்லாத, வெயிலும் வராத மார்கழி விடியலில் கோயிலுக்குக் கிளம்பும்போது குடை எடுத்துக்கொண்டு போகிறார். வலி இடது முட்டியில், குடை வலது கையில்.